எண்ணிக்கையில விட்டுப்போன பய

வா தம்பி, திண்ணையில உக்காரு. கையில என்ன, சீர்வரிசை மாதிரி அம்புட்டு நோட்டு? ஓ, இங்கிலீஷ் பாடக்குறிப்பா! காட்டு. ஆர்வமூட்டல், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், குறைதீர் கற்றல், தொடர்பணி... அடேயப்பா! செவப்பு மையில கோடு வேற. கையெழுத்தும் வாங்கிட்ட.

அதென்ன, ஆர்வமூட்டல் அஞ்சு நிமிசம்? ஆறாவது நிமிசம் பயலுக்கு ஆர்வம் வந்துருச்சுன்னு உனக்கு யாரு சொன்னா? அய்யன் வாய்க்கால்ல நமக்கு எப்போ தண்ணின்னு தெரியும். தெரியும்னு வீட்ல படுத்துக்கிட்டா வாழை குலை தள்ளுமா? மம்புட்டியோட போயி எங்க காஞ்சு கெடக்குன்னு பாக்க வேணாமா?

கொள்ளிடக் கரையோட கெழக்க போனா ஏலாக்குறிச்சி. அங்க மாதா கோயில் கட்டுன வீரமாமுனிவர் இத்தாலிக்காரரு. 1680ல பொறந்து, முப்பது வயசுக்கு மேல தமிழ் படிச்சவரு. அவருக்கு எவன் பாடக்குறிப்பு எழுதுனான்? சனங்களோட பேசியாகணும், அந்த அவசியம் இழுத்துச்சு. இழுத்த இழுப்புல 1726ல தேம்பாவணியே வந்துருச்சு. தனக்கப்புறம் வர்ற பாதிரிமாரு பேச்சுத்தமிழ் பழகட்டும்னு அவர் எழுதி வச்சது எது தெரியுமா? பரமார்த்த குரு கதைன்னு சொல்லுவாங்க. ஆறு தூங்குதான்னு கொள்ளிக்கட்டையை வச்சுப் பாத்த சீடங்க கதை! சிரிச்சவன் அடுத்த பக்கத்தைத் தானா பொரட்டுவான்ல?

அந்தக் கூட்டம் ஆத்தைக் கடந்து ஆளை எண்ணும். எண்ணுறவன் தன்னை விட்டுட்டு எண்ணி, ஒருத்தன் செத்தான்னு ஒப்பாரி வப்பான். உன் நோட்டும் அந்தக் கணக்குத்தான். எல்லாம் இருக்கு, பயலைத்தான் காணோம்.

திட்டமே வேணாங்கலை. நாத்து விடாம நடவுக்குப் போறவன் உண்டா? 2007ல அட்டையும் ஏணியுமா வந்துச்சே செயல்வழிக் கற்றல், அதுல ஒண்ணு எனக்குப் புடிச்சுச்சு: புள்ள தன் வேகத்துல ஏறலாம். ஆனா ஏணி நேரா நிக்குதான்னே பாத்துக்கிட்டிருந்தா, ஏறுற புள்ளையை எப்பப் பாக்குறது?

உன் வகுப்புல வாயே தொறக்காத பய, சாயங்காலம் திடல்ல நோ பாலு, வைடு, எல்பிடபிள்யூன்னு சண்டை போடுறான். எந்த அட்டை பாத்துப் படிச்சான்?

நாளைக்கு நோட்டை மேசையிலயே வச்சுட்டு, கடைசி பெஞ்சுக்குப் போ. நேத்து அவுட்டா இல்லையான்னு இங்கிலீஷ்ல கேளு. தப்புந்தவறுமாத்தான் சொல்லுவான். முடிக்கிற வரைக்கும் குறுக்க விழுந்து திருத்தாத.