இட்டாச்சிக்காரப் பேரனுக்கு

வா அப்புனு, திண்ணையில சித்த உக்காரு. தென்னந்தூரு பேத்தது போதும். உங்க அமுச்சி மோரு கரைச்சுட்டு இருக்கறா.

உங்கம்மா போன்ல "ஜேசிபி வருதுங்கப்பா"ன்னா. வந்து பாத்தா இட்டாச்சி நிக்குது. பேப்பர்க்காரங்க இதையே பொக்லைன்னு எழுதறாங்க. ஜேசிபிங்கறது 1945ல இங்கிலாந்துல கம்பெனி ஆரம்பிச்ச ஜோசப் சிரில் பாம்போர்டுங்கற ஆளோட பேரு. பொக்லைன் பிரெஞ்சுக் கம்பெனி, இட்டாச்சி ஜப்பான். மூணு சீமைப் பேரு வெச்சுக் கூப்புட்டாலும் கடைசில அது உன்ற பேச்சத்தான் கேக்குது. எனக்கு அதான் பயமே.

சீட்டு பெல்ட்டை மடிச்சு முதுகுக்கு மெத்தையாக்கிட்டயாமா! கெட்டிக்காரன். வண்டி சாஞ்சா எட்டிக் குதிச்சரலாம்னு கணக்கு. நானும் மாட்டு வண்டியிலிருந்து குதிச்சவந்தான். அது சாஞ்சா மேல விழறது நாலு மூட்டை. இது 20 டன்னு அப்புனு, நீ குதிக்கற பக்கமாப் பாத்துத்தான் அதும் சாயும். பெல்ட்டைப் போட்டுட்டு, கேபினுக்குள்ளயே கெட்டியாப் புடிச்சுட்டு இருக்கறவன்தான் மறுக்கா மோரு குடிக்க வருவான்.

தோட்டத்து மேல போவுது பாரு, 11,000 வோல்ட்டு லைனு. போர் போடற திருச்செங்கோட்டு ரிக்கு வண்டியில ரண்டு வருசம் வடக்க சுத்துனவன் நீ. வண்டியோட பூம் கையைத் தூக்கறதுக்கு முந்தி அண்ணாந்து பாக்கோணும்னு உனக்கு நாஞ் சொல்லோணுமா? 10 அடியாச்சும் எட்டம் வுடு. தொட்டாத்தானேங்காதே, ரொம்பக் கிட்டப் போனா அதாவே தாவும். மாட்டிட்டயா, ஈபிக்காரங்க கரண்டை நிறுத்தற வரைக்கும் கேபின்லயே குந்தியிரு. பக்கத்துல ஆரையும் வுடாதே. தீப்புடிச்சு எறங்கியே ஆவோணும்னா, வண்டியில ஒரு கை தரையில ஒரு காலுன்னு எறங்காதே. ரண்டு காலையும் சேத்துக் குதிச்சு, சேத்த காலோடயே தத்தித் தத்தி அக்கட்டால போயிரு. கல்யாண ஊட்ல வுடியவுடிய ஆடற காலு, இதுக்கு மட்டும் வராதா?

மேல பாத்தவன் கீழயும் பாரு. அறுவது வருசத்துக்கு மேல கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட்டு 17ந் தேதிதான் அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தைத் தொறந்தாங்க. 1,045 குளங்குட்டைக்குப் பவானித் தண்ணி மண்ணுக்கடியில குழாய்லயே வருது. நம்ம அன்னூர்ல எந்தக் காட்டுல எது பொதைஞ்சு கெடக்குதுன்னு ஆருக்குத் தெரியும்? கேக்காமக் கொள்ளாம ஒரு கொத்துக் கொத்து. என்ற அப்பாரு காலத்துல இருந்து காத்திருந்த தண்ணி, குளத்துக்குப் போவாம நேரா நம்ம பொடக்காலிக்கே வந்துரும். ஊரே உனக்கு மாலை போடும். மாலை வேண்டாம்னா விசாரிச்சுட்டுத் தோண்டு, குழாய் கிட்ட வந்ததும் பக்கெட்டை நிறுத்திட்டு மம்பட்டிய எடு.

மாலைன்னதும் ஞாபகம் வருது. அன்னிக்குத் தலைவர் வந்தாருன்னு நாலு பசங்களைப் பக்கெட்டுல ஏத்திப் பூக் கொட்டுனயே, ரொம்ப அழகு. மண்ணு வாரறதுல மனுசனை வாருனா, அதும் மண்ணுன்னுதான் நெனைச்சுக்கும்.

வாய்க்கால் வெட்டறப்ப தோண்டுன மண்ணைக் குழியோரத்துலயே குவிச்சுட்டு, உள்ள ஆளையும் எறக்கற. ஒரு கன மீட்டர் மண்ணு ஒன்றரை டன்னு பக்கம் வரும். சரிஞ்சா சத்தம் போடக்கூட நேரம் இருக்காது. அஞ்சடிக்கு மேல போனா பக்கத்தைச் சாய்வா வெட்டு, இல்லாட்டி பலகை வெச்சு முட்டுக் குடு. அப்பறம் நீ சுத்தறப்ப வண்டியோட பின்பக்கமும் கூடவே சுத்துது, அதுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஆராச்சும் பீடி பத்த வெச்சுட்டு நிப்பான். ஆரன் அடிச்சுட்டுச் சுத்து.

இந்தா, மோரு வந்துருச்சு. கையை நீட்டாதே, இரு. எறங்கி வந்த வெசையில பக்கெட்டை அந்தரத்துல தொங்கவுட்டுட்டு வந்துட்ட. நம்ம நாயி மணி அந்த நெழல்லதான் காலை நீட்டிப் படுத்திருக்குது. மோரு என்ன ஆறியா போயிரும்? போயி அதை வெரட்டிட்டு, பக்கெட்டைத் தரையில எறக்கி வெச்சுச் சாவியக் கையில எடுத்துட்டு வா.