புறக்கடைக் கோழிகளின் நீரருந்தும் முறைமை: ஒரு பன்முகப் பார்வை

தமிழாய்வுலகம் உரிய கவனம் செலுத்தத் தவறிய துறைகளுள் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் துறையைத் தலையாயதாகக் கொள்ள இடமுண்டு. கோழித் தீவனம் பற்றிப் பேசுவோர் உளர். முட்டை பற்றிப் பேசுவோர் மிகப் பலர். குழம்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அந்த முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதையும், அத்தண்ணீர் ஏதோ ஒரு சட்டியிலிருந்துதான் உள்ளே போயிருக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் இல்லை. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை: மதுரைப் பக்கத்துக் கிராமமொன்றில் ஒரு வீட்டின் புறக்கடை, வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும். ஆய்வுக்கு உட்பட்டோர்: சில சிறுவிடைக் கோழிகள், ஒரு சேவல், அழைப்பின்றிக் கலந்துகொண்ட பக்கத்து வீட்டுக் கறுப்புக்கோழி. கருதுகோள்: நல்ல கருவி அமைத்துக் கொடுத்தால் கோழி அதில் தண்ணீர் குடிக்கும். இக்கருதுகோள் என்ன பாடுபட்டது என்பது பின்னர் விளங்கும்.

முதலில் உடற்கூறு. புறா அலகை நீருக்குள் விட்டபடியே உறிஞ்சிக் குடிக்கும். கோழிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு வாய் மொண்டு, தலையை அண்ணாந்து, தொண்டைக்குள் சரியவிட வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் கோழி சாமி கும்பிடுகிறது என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். அப்படியானால் புறா நாத்திகமா என்ற வினாவுக்கு அவர்களிடம் விடையில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பியும் கிடையாது. கத்திரி வெயிலில் வாயைப் பிளந்து இரைத்துத்தான் உடம்பைக் குளிர்த்தியாக்கிக்கொள்ள வேண்டும். சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கிற கோழி கோடையில் அதைப்போல இரண்டு மடங்கு கேட்பது இதனால்தான்.

இனி வரலாறு. புறக்கடை நீர்க்கலன்களின் கற்காலம், மிக்சியும் கிரைண்டரும் வீட்டுக்குள் வந்த பிறகே தொடங்குகிறது என்பது தொல்லியலாளர் குறித்துக்கொள்ள வேண்டிய முரண். அடுப்படியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆட்டுக்கல் கொல்லைக்கு வந்து, குழியில் தண்ணீர் ஏந்தி, மறுவாழ்வு பெற்றது. எந்தச் சேவலாலும் அதைக் கவிழ்க்க முடியாது. அதன் வீழ்ச்சிக்குக் காரணம் டெங்கு. ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர வாரம், பத்து நாள் போதும். எனவே டயர், கொட்டாங்குச்சி வரிசையில் ஆட்டுக்கல்லும் குற்றவாளியாயிற்று. அன்றாடம் கழுவி ஊற்றினால் புழு வராது என்ற எம் வாதத்தைச் சோதனைக்கு வந்த பணியாளர் ஏற்கவில்லை. கல்லைக் கவிழ்த்துப் போடச் சொன்னார். ஒரு கை பிடிக்கிறீர்களா என்று கேட்டதும் வாதத்தை ஏற்றுக்கொண்டார்.

அடுத்து வந்தது பாட்டில் யுகம். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். இத்துறையின் அறிவு முழுவதும் ஒரே ஓட்டையில் அடங்கியிருக்கிறது. இரண்டு லிட்டர் கலர் பாட்டில் ஒன்றை எடுத்து, குறட்டில் பிடித்த ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே குத்த வேண்டும். பிளாஸ்டிக் உருகி ஓரம் சுருண்டு, வீடு முழுக்க நாறும். ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு தட்டில் நிறுத்தி விரலை எடுத்தால், தட்டில் நீர் ஏறி ஓட்டையை மூடியதும் தானாக நின்றுவிடும். கோழி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், ஓட்டையின் மேல்விளிம்பு தெரிந்ததும் ‘களக்’கென்று ஒரு குமிழி உள்ளே ஏறும், அந்த அளவுக்குத் தண்ணீர் வெளியே வரும். விதி ஒன்றுதான்: ஓட்டை, தட்டின் விளிம்புக்கு ஒரு விரற்கடையாவது கீழே இருக்க வேண்டும். மேலே போனால் பாட்டில் காலியாகும் வரை தண்ணீர் தரைக்குத்தான்.

1643இல் இத்தாலியில் டாரிசெல்லி ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்து, அது 76 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பதைக் காட்டினார். தாங்கிப் பிடிப்பது வெளிக்காற்று. இதே காற்று தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரம் தாங்கும். ஆகவே மூன்று மாடி உயரத்தில் கோழிக்குத் தண்ணீர்ப் பாட்டில் அமைக்க இயற்பியலில் தடையேதும் இல்லை. ஊராட்சியில் அனுமதி கிடைக்குமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

டாரிசெல்லி புறக்கடை வெயிலைக் கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை. பாதி காலியான பாட்டிலை உச்சி வெயிலில் விட்டால், உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து தண்ணீரைத் தள்ளும். ஒரு கோழியும் கிட்டே வராமலே தட்டு வழிந்தோடும். வழிந்த ஈரத்தில் ரத்தக்கழிச்சல் கிருமிக்குக் கொண்டாட்டம். பாட்டில் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் நாலு நாளில் பாசியும் பிடிக்கும்.

நிப்பிள் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயிண்ட் வாளி, அரையங்குல பி.வி.சி. குழாய், அதில் வரிசையாகத் திருகிய நிப்பிள்கள், ஒவ்வொரு மரையிலும் டேப். கோழி ஊசியைக் கொத்தினால் ஒரு சொட்டு விழும். சுத்தத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. நாமக்கல் பண்ணைகளில் லட்சக்கணக்கான கோழிகள் இப்படித்தான் குடிக்கின்றன. வாளி மூடியில் காற்றோட்டை விடாவிட்டால் சொட்டு நின்றுபோகும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் நிப்பிள் அடைத்துக்கொள்ளும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை, குறை சொல்ல அப்பத்தா இல்லாத வீடுகளில்.

“ஏண்டா தம்பி, கோழிக்கு எதுக்குடா குழாய்க் கனெக்ஷனு? நமக்கே ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தேன் வருது” என்பது அப்பத்தாவின் மதிப்புரை. மாற்றுக் கருத்துகளைப் பதிவுசெய்வது ஆய்வாளன் கடமை என்பதால் பதிவுசெய்கிறோம்.

இப்போது தரவுகளுக்கு வருவோம். பாட்டில், நிப்பிள், ஆட்டுக்கல் மூன்றும் நிரம்பியிருக்க, ஆய்வுக்கு உட்பட்ட அனைவரும், பக்கத்து வீட்டுக் கறுப்புக்கோழி உட்பட, துவைகல்லுக்குப் பின்னால் தேங்கிய சேற்றுக் குட்டையில் தண்ணீர் குடித்தனர். சேவல் அதில் நின்றுகொண்டே குடித்தது. கருதுகோள் இவ்விடத்தில் உயிர்நீத்தது.

இது சிரித்துவிட்டுப் போகும் சங்கதியன்று. வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து தருவது உண்டு. முதலில் கோழியைத் தாகத்தில் வைக்க வேண்டும். கொழுப்பு நீக்கிய பால்பொடி கொஞ்சம் சேர்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் ஆகாது, மருந்தில் உள்ள கிருமி செத்துப்போகும். இவ்வளவும் செய்து வைக்கிறபோது கோழி குட்டைக்குப் போய்விட்டால் மருந்து மண்ணுக்கு. எனவே அன்றைக்கு மட்டுமாவது பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதே முறை.

குட்டையில் என்ன இருக்கிறது என்று கைவிட்டுப் பார்த்ததில் உண்மை புலப்பட்டது. குட்டை முருங்கை நிழலில் இருந்தது, தண்ணீர் சில்லென்றிருந்தது. பாட்டில் தட்டில் விட்ட விரல் சுட்டது. கோழி சுத்தத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை, குளிர்ச்சிக்கு மட்டும் போடுகிறது.

அப்படியானால் மண்பானையைக் கவிழ்த்து வைக்கலாமே என்று அறிஞர்கள் வினவக்கூடும். இங்கேதான் சிக்கல். பானை குளிர்வது அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால். நீர் இறங்க இறங்க மேல்பகுதி காய்ந்து, அதே துளைகள் வழியாகக் காற்று உள்ளே புகும், தட்டு வழியும். வெளியே பெயிண்ட் அடித்தால் கசிவு நிற்கும், கூடவே குளிர்ச்சியும். இயற்பியலும் குயவரும் இந்த ஒரு புள்ளியில் ஒத்துப்போகவில்லை.

எம் பரிந்துரை சமரச வகையைச் சேர்ந்தது: வெள்ளைப் பெயிண்ட் அடித்த பாட்டில், அடியில் மண்தட்டு, அதன் கீழ் ஒரு செங்கல், எல்லாம் முருங்கை நிழலில். செங்கல் எதற்கென்றால், தட்டு கோழியின் முதுகு உயரத்துக்கு வந்தால் சீய்க்கும் மண் அதில் விழாது. குஞ்சுகளுக்கு வேறு தட்டு தரையிலேயே வைத்து, மூழ்கிச் சாகாதிருக்கக் கூழாங்கல் பரப்ப வேண்டும். பாட்டில் மூடியைத் திறந்து பார்க்கும் வயதில் பேரப்பிள்ளைகள் இருந்தாலும் மூடியைப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டாம். நாளை நிரப்ப முடியாது.

வாத்துகள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. மூக்குத்துளை வரை அலகை முக்கிக் கழுவாமல் அவற்றால் இருக்க முடியாது. எந்தக் கலனையும் மதியத்துக்குள் சேறாக்கிவிடும். அது தனி முனைவர் பட்டத்துக்குரிய பொருள். விருப்பமுள்ள மாணவர்கள் மாற்றுத் துணியுடன் அணுகலாம்.