மூடாக்கில் ஒரு கலகம்

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாளையங்கோட்டைத் தோட்டங்களில் சதிவேலை ஆரம்பமாகிவிடுகிறது. செடிக்கடியில் போட்ட சருகு, தென்னை நார்க்கழிவு மூடாக்குக்குள் பூஞ்சையின் வெள்ளை நூல் ஓடுகிறது. மறுநாள் காலையில் காளான் குடை விரிக்கிறது. லிக்னினைச் சிதைத்து உரமாக்கித் தருகிறதாம், கூலி கூட இல்லாமல். கேட்காமல் வேலை பார்ப்பவர்களை எப்படி நம்புவது?

எங்கள் தெரு அண்ணாச்சி நம்பவில்லை. முதலில் பிளீச்சிங் பவுடர். பிறகு கார்பன்டாசிம். செத்த மண்புழுக்களைப் போர்க்காலச் சேதத்தில் எழுதிக்கொண்டார். கடைசியில் மூடாக்கை அள்ளிக் கொட்டிவிட்டுச் சிமெண்ட் பூசலாமா என்றும் யோசித்தார். சிமெண்டில் செடியும் வராது, தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். என்ன தொலைநோக்கு!

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமோ, ஒரு டன் நார்க்கழிவை மட்கவைக்க 5 கிலோ யூரியாவோடு சிப்பிக்காளான் வித்தையும் தூவச் சொல்கிறது. சொல்லட்டும். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டாம் பாளையங்கோட்டையில் குடியிருப்பவர்கள் கோயம்புத்தூர் பேச்சுக்கெல்லாம் மசிவார்களா?

போரில் வெற்றி. பூஞ்சை ஒழிந்தது. பின்னோடு கத்தரிக்கு வேரழுகல் வந்தது. உரக்கடைக்காரர் டிரைக்கோடெர்மா விரிடி பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

"இதுல என்னவே இருக்கு?"

"பூஞ்சைதான் அண்ணாச்சி."

அண்ணாச்சி பொட்டலத்தைத் தூக்கி எடை பார்த்தார்.

"நயம் சரக்குதானாவே? ரெண்டு கிலோ போடும்."