பாயசமா, கழுவின தண்ணியா?

1911-ல் பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் ஒரு வாத்தியார், குளியல் தொட்டியில் மண்ணைக் கொட்டி அதற்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தார். நம்மூராக இருந்தால் மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்பார்கள். பெயர் கான்ராட் ஷ்லும்பெர்ஜே. மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் மின்சாரம் வழி மாறி ஓடும், அதை மேலே நின்றே அளந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. மறு வருஷம் நார்மண்டியில் குடும்பப் பண்ணை முழுக்கக் கம்பியை இழுத்துக்கொண்டு அலைந்தார்.

1919-ல் அப்பா பால் ஐந்து லட்சம் ஃப்ராங்க் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: காசைவிட அறிவியல்தான் பெரிது. பிள்ளைகள் கடைசியில் எண்ணெய்க் கிணற்றில் போய் நின்றார்கள். அப்பா போட்ட நிபந்தனை எந்த வீட்டில்தான் நிலைத்தது!

அமெரிக்காவில் கார்ச்சர் வேறு கட்சி. முதல் உலகப்போரில் சத்தத்தை வைத்து எதிரியின் பீரங்கியைத் தேடும் ஆராய்ச்சியில் இருந்தவர். போர் முடிந்து பீரங்கி ஓய்ந்தது, டைனமைட் மிச்சமிருந்தது. 1921 ஜூனில் ஓக்லஹோமா சிட்டியில் தரைக்கு வெடி வைத்து, பாறையில் பட்டுத் திரும்பிய அதிர்வைப் பதிவு செய்தார். எண்ணெய் தேடும் கம்பெனிகள் பின்னாளில் பெரும்பாலும் இந்தக் கட்சிக்கே தாவின.

ஆனால் இப்படி வெடி வைத்துத் தட்டிப் பார்க்கிறவனுக்குப் பாத்திரத்தின் அளவு தெரியும், வளைவு தெரியும். உள்ளே இருப்பது பாயசமா, பாத்திரம் கழுவின தண்ணியா என்பதில்தான் தடுமாற்றம். அலாஸ்காவுக்கு வடக்கே முக்லக் என்று ஓர் இடம். அதிர்வுப் படத்தில் கவிழ்த்த அண்டா போல அழகான பாறை. கம்பெனிகள் 100 கோடி டாலருக்கு மேல் கொட்டி ஏலம் எடுத்தன. கடலில் சரளையைக் கொட்டித் தீவே கட்டினார்கள். 1983-ல் துளை போட்டால் உப்புத் தண்ணீர். பாறையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பாயசம் எந்தக் காலத்திலோ கசிந்து போயிருந்தது. பந்திக்கு முந்தாவிட்டால் இதுதான்.

இங்கேதான் குளியல் தொட்டிக்காரரின் அருமை புரியும். உப்புத் தண்ணீர் ஊறிய பாறையில் கரண்ட் சரசரவென்று ஓடும். எண்ணெய் நிறைந்த பாறையில் முரண்டு பிடிக்கும். 1927-லேயே அல்சேஸ் பக்கம் கிணற்றுக்குள் மின்முனையை இறக்கி ஷ்லும்பெர்ஜே ஆட்கள் பாறையின் மின்தடையை அளந்திருந்தார்கள். ஆனால் அது தோண்டிய பிறகு பார்க்கிற ஜாதகம். தோண்டும் முன்பே மின்காந்த அலையை அனுப்பிக் கடலடியில் பார்க்கத் துணிந்தது நார்வேயின் ஸ்டாட்டாயில், 2000-ல், அங்கோலாக் கடலில். எண்ணெய் இருக்கிறதென்று ஏற்கெனவே தெரிந்த இடம். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய பரீட்சை, பாஸ்.

ஆனால் இந்த மின்காந்த முறைக்கு நாக்கு நீளம், பார்வை மங்கல். கரண்டுக்கு அதே மாதிரி முரண்டு பிடிக்கும் கெட்டி உப்புப் பாறையையும் எரிமலைப் பாறையையும் கண்டாலும் பாயசம் என்றே கத்தும். அதனால் இப்போது அதிர்வுக்காரர் அண்டாவின் விளிம்பை வரைந்து கொடுக்கிறார். மின்காரர் அதற்குள் மட்டும் ருசி பார்க்கிறார்.