அண்ணன், குமார், லாரி ஓட்டுநர்

ஒரே ஆளை இரண்டு பெயரால் அடுத்தடுத்துக் குறிப்பிடும்போது, இரண்டாம் பெயரின் இருபுறமும் காற்புள்ளி இடுவது ஆங்கில வழக்கம். தமிழுக்கு அது தேவையில்லை. ஆயினும் சென்ற வாரம் சிரம்பானை அடுத்த ராசாவில் ஒரு டியூஷன் வகுப்பிலிருந்து வீடு திரும்பிய நான்காம் ஆண்டுத் தமிழ்ப் பயிற்சித்தாளில், ‘என் அண்ணன் குமார் லாரி ஓட்டுகிறார்’ என்ற வாக்கியத்துக்குள் சிவப்பு மையில் இரண்டு காற்புள்ளிகள் செருகப்பட்டு, அரை மதிப்பெண் கழிக்கப்பட்டிருந்தது. காற்புள்ளிக்குக் கால் மதிப்பெண், கணக்கில் குறையில்லை. 2021இல் மலேசியத் தொடக்கப்பள்ளிகளின் இறுதித் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். ஒழிந்தது. சிவப்பு மை ஒழியவில்லை.

இரு பெயரை ஒட்டும் இவ்வேலையைத் தமிழ் புள்ளியில்லாமலே முடித்துக்கொள்கிறது. சாரைப்பாம்பு என்பதில் சாரையும் அதுதான், பாம்பும் அதுதான். நன்னூல் வழிவந்த இலக்கணம் இதை இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்கிறது. பெயர் நீண்டால் ‘ஆகிய’, ‘ஆன’, ‘என்னும்’ உதவிக்கு வரும்: நெகிரி செம்பிலானின் தலைநகரான சிரம்பான். ஓலையில் எழுத்தாணி அழுந்தினால் ஏடு கிழியும் என்று மெய்யெழுத்தின் தலைப்புள்ளியையே விட்டுவிட்டவர்கள் காற்புள்ளிக்கு எங்கே போவார்கள்? அச்சு வந்தபின் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பழக்கப்படுத்தியவர்களில் ஆறுமுக நாவலர் (1822–1879) முதன்மையானவர். அவரும் சாரைக்கும் பாம்புக்கும் நடுவே புள்ளி வைக்கவில்லை.

அந்தப் பயிற்சித்தாளை எழுதிய பிள்ளையின் சிக்கல், ஒரே காலையில் மூன்று மொழி படிப்பது. மலாய்ப் பாடத்தில் ‘சிரம்பான், இபு நெகிரி நெகிரி செம்பிலான்,’ என்று இருபுறமும் காற்புள்ளி வரும். பிள்ளை முதல் காற்புள்ளியைப் போட்டுவிட்டு, ஒரு ‘நெகிரி’ தவறுதலாக இரண்டு தடவை விழுந்துவிட்டதென்று அடித்துவிட்டு, இரண்டாவது காற்புள்ளியை மறந்துவிடும். கதவைத் திறந்து சாத்தாமல் ஓடுவதுபோல.

ஆங்கிலப் பாடத்தில் விவகாரம் முற்றும். ‘மை பிரதர், குமார்,’ என்று காற்புள்ளி இட்டால் அண்ணன் ஒருவர்தான். இடாவிட்டால் வேறு அண்ணன்களும் உண்டு. ஆகவே புள்ளி வைக்குமுன் அண்ணன்களை எண்ண வேண்டும். உடன்பிறந்தவர் ஓர் அண்ணன். பெரியப்பா மகன்கள் அண்ணன்கள். சித்தப்பா மகன் மூத்தவராயின் அவரும் அண்ணன். பெரியம்மா மகனும் அவ்வாறே. மாமா மகன் அத்தான், கணக்கில் வாரார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். தோட்டத்து லயத்தில் ஒரே வரிசையில் குடியிருந்து, தோட்டம் வீடமைப்புக்கு விலைபோனபின் ஒரே தாமானுக்கு வந்தவர்கள் அண்ணன் முறையை லயத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை. கோயில் திடலில் பந்து விளையாடும் பதினொருவரும் அண்ணன்கள்; கோல் காப்பவர் பெரியண்ணன். பள்ளி வேன் ஓட்டுபவர் அண்ணன். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் மேலும் நான்கு அண்ணன்கள் சேர்ந்துவிடுவார்கள். அவர்களுள் இருவருக்குக் குமார் என்றே பெயரிருக்கும். ஒருவரை மட்டும் ‘பிரதர்’ என்றும் மற்றவர்களைக் ‘கசின்’ என்றும் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். பெரியம்மா காதில் விழுந்தால் தீபாவளிக்கு முறுக்கு கிடைக்காது. தம்பி விஷயம் இன்னும் மோசம். அண்ணன் புதிதாகப் பிறப்பதில்லை, தம்பி பிறப்பான். பிறந்த அன்றே முந்தைய கட்டுரைகளில் மூத்த தம்பியைச் சுற்றியிருந்த காற்புள்ளிகளையெல்லாம் அழித்தாக வேண்டும். ஆங்கிலேயருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் எண்ணி முடித்த குடும்பத்தினர்.

தமிழில் காற்புள்ளியின் முதல் வேலை அடுக்கிச் சொல்வது: வாழை, மா, பலா. ஆகவே, ‘மாமா, லாரி ஓட்டுநர், வந்தார்’ என்றால் வந்தவர் ஒருவரா இருவரா என்று வினைமுற்றைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பேச்சில் அதுவும் கைகொடுக்காது. மரியாதைக்கு ஒரு மாமாவும் ‘வந்தாங்க’தான். கோயில் திருவிழா அழைப்பிதழில் ‘தலைவர், தொழிலதிபர், சமூக சேவகர், டத்தோ’ என்று காற்புள்ளியிட்டு அச்சடித்த செயலவை, வந்த ஒருவருக்கு நான்கு மாலை வாங்கிவைத்திருந்தால் குற்றம் செயலவையுடையது அன்று.

தோட்டப் பள்ளிகளில் இந்தக் காற்புள்ளிக் கெடுபிடி இருக்கவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குமேல் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டுமென்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். அடிக்கு வேறு காரணங்கள் தாராளமாக இருந்தன. பிறகு தோட்டம் போயிற்று, பள்ளி நகரத்துக்கு நகர்ந்தது. பல பள்ளிகளின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் ஒரு பால்மரம்கூட இல்லாமல். அந்த ஒட்டுப்பெயருக்கு எவரும் காற்புள்ளி கேட்பதில்லை.

எஞ்சியிருப்பது ஆளின் பெயரும் தந்தை பெயரும். இவை இரண்டு ஆட்களுடைய பெயர்கள் ஆதலால் மேற்கண்ட விதிக்கு வெளியே நிற்கின்றன. அடையாள அட்டையில் மகனுக்கு ‘அ/லெ’, மகளுக்கு ‘அ/பெ’ என்றும், தமிழ் அறிவிப்புகளில் ‘த/பெ’ என்றும் சாய்கோடு இடப்படும். பயிற்சித்தாளின் மேல்மூலையில் பிள்ளை தன் பெயரை அப்படித்தான் எழுதியிருந்தது. அதில் மட்டும் சிவப்பு மை படவில்லை.