பம்பளிமாஸ் பாட்டி

கே: ஒரு சக்கோத்தாவை உரிப்பதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. தேவனஹள்ளிக்காரர்கள் இதற்குப் போய் இவ்வளவு பெருமைப்படுவானேன்? (அல்சூர் வாசகி)

ப: புவிசார் குறியீடு வாங்கிய பழமம்மா, பெருமை இருக்காதா? நம்ம பம்பளிமாஸ்தான் அது. நீங்கள் பிழிந்து குடிக்கும் சாத்துக்குடிக்குத் தாய்வழிப் பாட்டி பம்பளிமாஸ்; அப்பா வழி கமலா ஆரஞ்சு இனம். கிரேப்ஃப்ரூட்டுக்கோ பம்பளிமாஸ் நேரடி அம்மா. பாட்டிக்குத் தோல் கொஞ்சம் தடிப்புதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: அதுதான் அம்மா என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பிரசவ வார்டில் நின்றீர்களா? (கே.ஆர். புரம் வாசகர்)

ப: இலையே சாட்சி. இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்துக்குத் தனியாக ஒரு டிஎன்ஏ உண்டு. சாத்துக்குடியில் அது சுமார் 1,60,000 எழுத்து நீளம். பெரும்பாலான பூச்செடிகளில் மகரந்தம் இதைக் கொண்டுவருவதில்லை, சூல்முட்டை வழியாக அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். உட்கரு டிஎன்ஏ ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டாகக் கலையும், இது கலையாது. சாத்துக்குடியின் பசுங்கணிகத்தைப் படித்தால் பம்பளிமாஸ் பேசுகிறது. அப்பா யாரென்று கேட்டால் மட்டும் வாய் திறக்காது. அதற்கு உட்கருவைத்தான் விசாரிக்க வேண்டும்.

கே: அப்படி விசாரித்ததில் யாராவது மாட்டினார்களா?

ப: எலுமிச்சைக் குடும்பத்துச் சிட்ரான் பழம். கடையில் விற்கும் பெரிய மஞ்சள் லெமனுக்கு அம்மா புளிப்பு ஆரஞ்சு, அப்பா சிட்ரான். ஊறுகாய் போடும் நம் சின்ன எலுமிச்சைக்கு அம்மா பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காட்டுச்செடி, அப்பா? மறுபடியும் சிட்ரான்! ஆராய்ந்த கலப்புகளில் எல்லாம் ஐயா அப்பாவாகத்தான் வருகிறார்.

கே: பசுங்கணிக டிஎன்ஏ எல்லாச் செடியிலும் அம்மா வழிதானா?

ப: இல்லை. பைன் மரத்திலும் கிவியிலும் அப்பா வழி. கோத்திரம் பார்ப்பவர்கள் கிவி பயிரிடலாம்.

கே: நர்சரியில் ‘அர்கா அருணா’ என்று கொடுத்த மாங்கன்று ‘அர்கா புனீத்’தாக இருந்தால் பசுங்கணிகம் காட்டிக்கொடுக்குமா? (ஜெயநகர் வாசகர்)

ப: நல்ல சந்தேகம். இரண்டும் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் கலப்பினங்கள், பெற்றோரும் அதே ஜோடி. அருணா: பங்கனப்பள்ளி × அல்போன்சா. புனீத்: அல்போன்சா × பங்கனப்பள்ளி. முதலில் எழுதுவது அம்மா பெயர். டெல்லியில் உருவான மல்லிகாவும் ஆம்ரபாலியும் இப்படித்தான், நீலமும் தசேரியும் இடம் மாறிக்கொண்டவை. ஆனால் அருணா, புனீத் இரண்டின் அம்மாக்களுடைய பசுங்கணிகங்களுக்குள் வித்தியாசம் இருந்தால்தான் சோதனை பலிக்கும். மா ரகங்களுக்குள் அது ரொம்பக் குறைவு. ஆய்வகத்துக்குச் செலவழிப்பதைவிட ஹெசரகட்டாவிலேயே ஒட்டுக்கன்று விற்கிறார்கள், நேரே போய் வாங்கிவிடுங்கள்.