முல்லை தேர் கேட்டதா?

1. ஆய்வுச் சிக்கல்

நொந்து வந்து உட்கார்ந்தவருக்கு முதலில் தரவேண்டியது தண்ணீரா, அறிவுரையா? தமிழ்க் குடும்பங்கள் இதற்கு ஐயமின்றி விடை கண்டிருக்கின்றன. தண்ணீர் பிறகு வரும். யாருக்காவது நினைவு வந்தால்.

2. களம்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், இடைக்கழிநாட்டுக் கடப்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை. ஆய்வுப்பொருள்: இறால் வளர்ப்பில் கையைச் சுட்டுக்கொண்டு வந்த என் தம்பி. ஆய்வாளர்கள்: பெரியப்பா, அத்தை, மச்சான், நான்.

3. வகைப்பாடு

திண்ணை உதவி நால்வகைப்படும்.

முன்னறிவு வகை: "அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்றார் பெரியப்பா. அப்போது சொன்னதைக் கேட்டவர் எவருமில்லை.

உவமை வகை: "எங்க நாத்தனார் மகனும் இப்படித்தான்..." என்றாள் அத்தை. அந்த மகன் இன்று மாடிவீடு கட்டியிருப்பதில் இந்த உவமை முடியும்.

பொறுப்பேற்பு வகை: "நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன்" என்று மச்சான் செல்பேசியை எடுத்தார். இவ்வகைக்கு ஊரிலேயே தொல்லியல் சான்று உண்டு. ஆலம்பரைக் கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்துத் தகர்த்தனர். பார்த்துக்கொள்ள வந்தவர்கள் நமக்கு விட்டுப்போனது செங்கல்லும் சுண்ணாம்பும்.

பட்டியல் வகை: காலையில் எத்தனை மணிக்கு எழவேண்டும் என்பதில் தொடங்குவது. இது என்னுடையது, ஆகவே சிறந்தது.

4. இலக்கியச் சான்று

சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர். 269 அடிகளில், பரிசு பெற்ற பாணன் ஒருவன் பசித்த பாணனுக்கு மன்னன் நல்லியக்கோடனிடம் போக வழி சொல்கிறான். எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் நண்டோடு சோறு என்று சாப்பாட்டு விவரமும் தருகிறான். தன் வீட்டில் உப்பில்லாமல் கீரை வெந்ததையும், ஊர் பார்க்காமல் கதவடைத்துத் தின்றதையும் மறைக்கவில்லை. 'நீ ஏன் இப்படியானாய்?' என்று மட்டும் கேட்கவில்லை. கூடவே கிளம்பவும் இல்லை. மனநல ஆலோசனைக்கு நாம் இன்று 'ஆற்றுப்படுத்துதல்' என்று பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை.

அதே நூல் முல்லைக்குத் தேர் தந்த பாரியையும் பாடுகிறது. ஒரு மூங்கில் கழி போதும் இடத்தில் தேரை நிறுத்தியதால் பாரி அளவில் தவறினார் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. முறையில் தவறவில்லை. 'இப்படி வளை, அப்படிப் படர்' என்று அவர் கொடிக்குச் சொன்னதாகச் செய்தி இல்லை. மறுநாள் வந்து பூ எண்ணியதாகவும் இல்லை.

5. சோதனை

ஆய்வாளர்கள் தொண்டை வறண்டு ஓய்ந்தபின் அம்மா வந்தார். சோறும் நெத்திலிக் குழம்பும் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெடுநேரம் பேச்சில்லை. "மழை பொய்ச்ச வருஷம் வெறுங்கஞ்சியக் கதவச் சாத்திட்டுக் குடிச்சோம்டா, நானும் உங்கப்பாவும்" என்றார். பிறகு, "மரக்காணத்துல உங்க மாமா உப்பளத்துக்கு ஆள் தேடறானாம். தோணினா போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அம்மா சிறுபாணாற்றுப்படை படித்தவர் அல்லர். எயிற்பட்டினமே மரக்காணம் என்று கருதுவோர் உண்டு என்பதும் அவருக்குத் தெரியாது.

6. முடிவு

விடிந்தபோது தம்பியைக் காணோம். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. எந்தப் பேருந்தில் போனான் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எந்தப் பேருந்தில் போயிருக்கவேண்டும் என்பதில் இல்லை.